ரீபில்ட் செய்த எஞ்சினை முதன்முறை ஸ்டார்ட் செய்யும் முன் ஆயிலை ஏற்றுவது

கேள்வி: நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்றை முழுவதும் பிரித்து, கிராங்க் ஷாஃப்டை கிரைண்டிங் செய்து, புதிய ஷெல் பேரிங்குகளும் பிஸ்டன் ரிங்குகளும் போட்டுப் பூட்டி இரண்டு மாதம் ஆகிவிட்டது. இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை. ஆயில் பம்ப் கிராங்க் ஷாஃப்டின் முன்முனையிலேயே இருக்கும் வகை. "ஆயிலை ஊற்றிச் செல்ஃப் அடித்தால் தானாக ஏறிவிடும்" என்கிறார் மெக்கானிக். அது போதுமா, அல்லது தனியாக பிரைமிங் செய்ய வேண்டுமா?

பதில்: போதாது. உங்கள் வகை எஞ்சினில் செல்ஃப் மோட்டாரின் உதவி ஏதாவது ஒரு கட்டத்தில் தேவைப்படும் என்பது உண்மைதான். ஆனால் அது கடைசிக் கட்டமாக இருக்க வேண்டுமே தவிர, முதல் கட்டமாக இருக்கக் கூடாது. ஆயிலை ஊற்றுவதோ பம்பைச் சுழற்றுவதோ மட்டும் பிரைமிங் ஆகிவிடாது. பம்பிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் பாகம் வரை ஆயில் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதை, சிலிண்டருக்குள் முதல் தீப்பொறி விழும் முன்பே கேஜிலும் கண்ணாலும் பார்த்து உறுதி செய்துகொள்வதற்குத்தான் அந்தப் பெயர். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், எந்த முறையைக் கையாண்டாலும் எங்கே நிறுத்தலாம், எங்கே நிறுத்தக் கூடாது என்பது தெளிவாகிவிடும்.

முதலில் பேரிங்கைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இத்தனை கவனமும் அதற்காகத்தான். மெயின் பேரிங்கிலும் கனெக்டிங் ராடின் பெரிய முனையிலும் இருக்கும் ஷெல்லுக்கும் (பேரிங்கின் பிறை வடிவத் தகடு) ஜர்னலுக்கும் (அதற்குள் சுழலும் கிராங்கின் வழவழப்பான பகுதி) இடையே உள்ள இடைவெளி, பெரும்பாலான கார் எஞ்சின்களில் 0.025 மி.மீ. முதல் 0.06 மி.மீ. வரைதான். ஓடும் எஞ்சினில் அந்த இடைவெளியை ஆயில் நிரப்பியிருக்கும். சுழலும் ஜர்னல் ஆயிலைத் தன்னோடு இழுத்துச் சென்று ஆப்பு போல நெருக்குவதால், ஜர்னல் ஷெல்லைத் தொடாமல் ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. 75 மி.மீ. போர் உள்ள எஞ்சினில் எரியும்போது உச்ச அழுத்தம் 50 பார் என்று வைத்துக்கொண்டால், ஒரு பிஸ்டனின் தலையில் இறங்கும் விசை இரண்டு டன்னைத் தாண்டுகிறது. அந்தச் சுமை முழுவதையும் தாங்குவது ஷெல்லின் உலோகம் அன்று, அந்த மெல்லிய ஆயில் படலம். படலம் இல்லாத நிலையில் சுமை விழுந்தால், மூன்றடுக்கு ஷெல்லின் மேல்பூச்சுதான் முதலில் தேயும். அதன் தடிமன் ஒரு மி.மீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுதான்.

அப்படித் தேய்ந்த ஷெல் ஒன்றை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். நான் பூட்டிய எஞ்சின்தான். ஐந்து மாதம் துணி போர்த்தி வைத்திருந்துவிட்டு, செல்ஃப் அடித்தே ஸ்டார்ட் செய்தேன். ஆயில் விளக்கு சில விநாடிகளில் அணைந்தது. சத்தமும் சுத்தமாக இருந்தது. ஆயிரம் கிலோமீட்டர் கூட ஓடாத நிலையில், சூடான பிறகு ஆக்ஸிலரேட்டரை லேசாக விடும்போது அடியிலிருந்து ஒரு தட்டல் கேட்கத் தொடங்கியது. எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பை இறக்கி, நான்காம் சிலிண்டரின் கனெக்டிங் ராட் கேப்பைக் கழற்றினேன். மங்கிய சாம்பல் நிறமாக இருக்க வேண்டிய ஷெல்லின் நடுவில் கட்டை விரல் அகலத்துக்குச் செம்பு நிறம் தெரிந்தது. நகத்தால் குறுக்கே வருடியபோது கோடுகள் நகத்தில் தட்டுப்பட்டன. ஜர்னலிலும் அதே இடத்தில் அதே கோடுகள். கிராங்கை மறுபடியும் கிரைண்டிங்குக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. பூட்டும்போது ஷெல்லில் தடவியிருந்த சாதாரண எஞ்சின் ஆயில் அந்த ஐந்து மாதத்தில் வழிந்து இறங்கிவிட்டிருந்தது. ஸ்டார்ட் ஆன முதல் சில விநாடிகளில் நடந்த சேதம், பேரிங் தட்டும் வரை வெளியே தெரியவே இல்லை.

பம்ப் ஏன் தானாக இழுத்துக்கொள்ளாது என்ற கேள்விக்கு வருவோம். கியர் வகையானாலும் ரோட்டர் வகையானாலும், பம்பின் சுழலும் பாகங்களுக்கும் மூடிக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி இருந்தே தீரும். அந்த இடைவெளியில் ஆயில் நிறைந்திருந்தால் அதுவே ஒரு சீலாக நின்று, ஸ்ட்ரெய்னர் (உறிஞ்சு குழாயின் முனையில் உள்ள வலை) வழியாகச் சம்ப்பிலிருந்து ஆயிலை உறிஞ்ச வைக்கும். உலர்ந்த பம்பில் அந்த இடம் முழுவதும் காற்றுதான். காற்று ஆயிலைவிடப் பல ஆயிரம் மடங்கு இளக்கமானது என்பதால், பம்ப் சுழன்றாலும் காற்று அதே இடைவெளி வழியாகப் பின்னோக்கி நழுவிவிடுகிறது. உறிஞ்சும் விசை உண்டாவதில்லை. செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுழற்றும் வேகம் சுமார் 200 ஆர்பிஎம்தான், ஐட்லிங் வேகத்தில் கால் பங்கு. அந்த வேகத்தில் உலர்ந்த பம்ப் ஆயிலைப் பிடித்துக்கொள்ளலாம், பிடிக்காமலும் போகலாம். பிடிக்கும் வரை பேரிங்குகள் காய்ந்தபடியே சுழலும்.

ஆகவே முதல் வேலை, எஞ்சினைப் பூட்டும்போதே பம்பை நிரப்பி வைப்பது. பம்பின் மூடியைக் கழற்றி, கியர்களுக்கு இடையே உள்ள வெற்றிடங்களில் வாஸ்லினைத் திணித்து மூடுவது பழைய, நம்பகமான வழக்கம். வாஸ்லின் ஆயில் சூடாகும்போது உருகி அதோடு கலந்துவிடும். அதற்குப் பதிலாக வீல் பேரிங் கிரீஸை வைக்கவே கூடாது. அது ஆயிலில் எளிதில் கரையாமல் கட்டியாகவே போய் ஃபில்டரையும் சிறு துளைகளையும் அடைத்துக்கொள்ளும். உங்கள் எஞ்சின் பூட்டியாகிவிட்டது என்பதால், பம்பில் என்ன வைத்தார்கள் என்று மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எதுவும் வைக்கவில்லை என்றாலோ வெறும் ஆயில்தான் தடவினோம் என்றாலோ, ஃபில்டரைக் கழற்றிவிட்டு, அது அமரும் முகத்தில் பம்பிலிருந்து வரும் துளையைக் கண்டுபிடித்து, ஆயில் கேனால் அதற்குள் ஆயிலை மெதுவாகச் செலுத்துங்கள். பெரும்பாலான எஞ்சின்களில் ஃபில்டரின் ஓரத் துளைகள் வழியாக ஆயில் உள்ளே வந்து நடுத்துளை வழியாக கேலரிக்கு, அதாவது எஞ்சினின் பாகங்களுக்கு ஆயிலைப் பிரித்து அனுப்பும் உள்வழிக்கு, போகும். ஆகையால் ஓரத்தில் இருப்பதுதான் பம்பின் துளை. ஆயில் மெல்ல இறங்கும். பொறுமையாக நிரப்பி, சிறிது நேரம் விட்டு மீண்டும் நிரப்ப வேண்டும்.

இனி பிரைமிங் முறைகள். டிஸ்ட்ரிப்யூட்டர் ஷாஃப்டின் கீழ்முனையால் பம்ப் சுழலும் எஞ்சின்களுக்கு வேலை மிக எளிது. 1955-இல் வந்த ஷெவர்லே ஸ்மால் பிளாக் வி8 இதற்குப் பழைய உதாரணம். டிஸ்ட்ரிப்யூட்டரைத் தூக்கிவிட்டு, அதன் துளை வழியாக ஒரு தண்டை இறக்கி, மின்சார டிரில்லால் பம்பை மட்டும் சுழற்றலாம். கிராங்க் அசைய வேண்டியதில்லை. இதில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. ஷெவர்லேயில் பம்ப் மேலிருந்து பார்க்கையில் கடிகாரச் சுற்றிலும், ஃபோர்டின் ஸ்மால் பிளாக் வி8-இல் அதற்கு எதிர்ச் சுற்றிலும் சுழல வேண்டும். திசை மாறினால் பம்ப் சம்ப்புக்குக் காற்றைத் தள்ளுமே தவிர ஆயிலை ஏற்றாது. மேலும், ஷெவர்லேயில் டிஸ்ட்ரிப்யூட்டரின் உடலே ஆயில் கேலரியின் ஒரு பகுதியை அடைத்து நிற்கிறது. வெறும் தண்டை மட்டும் இறக்கினால் ஆயில் அந்த இடத்திலேயே கசிந்து சம்ப்புக்குத் திரும்பிவிடும், மேலே வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்களுக்குப் போதிய அளவு போகாது. அதற்கென்று உடல்பகுதியும் சேர்ந்த கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும்.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது, டிரில் கையோடு பேசுவது. முதலில் எந்தச் சுமையும் இல்லாமல் விர்ரென்று சுற்றும். பத்து, இருபது விநாடிகளில் ஆயில் பிடித்ததும் டிரில்லின் ஓசை சட்டென்று கனத்து இறங்கும். மணிக்கட்டை முறுக்கப் பார்க்கும். கேஜின் முள் எழுவதும் அதே கணத்தில்தான். அந்தக் கனம் வராமல் ஒரு நிமிடம் கடந்துவிட்டால், மேற்கொண்டு சுற்றாமல் காரணத்தைத் தேட வேண்டும்.

உங்கள் எஞ்சினில் இந்த வசதி இல்லை. பம்ப் கிராங்கின் முன்முனையில் இருக்கும் எல்லா எஞ்சின்களுக்கும், கேம் ஷாஃப்டின் முனையால் பம்ப் ஓடும் பழைய பிஎம்சி ஏ-சீரிஸ் போன்றவற்றுக்கும், கேலரிக்குள் வெளியிலிருந்து ஆயிலை அழுத்தித் தள்ளுவதே சிறந்த வழி. இதற்கு ஒரு பிரஷர் டேங்க் வேண்டும்: இரண்டு மூன்று லிட்டர் கொள்ளளவு, அழுத்தத்தைத் தாங்கும் மூடி, காற்று ஏற்ற ஒரு வால்வு, பிரஷர் கேஜ், அடியிலிருந்து ஆயிலை எடுக்கும் ஹோஸ், அதில் ஒரு திருகு வால்வு. அழுத்தத்துக்கென்று செய்யப்பட்ட கலனைத்தான் பயன்படுத்த வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் கேனில் காற்றை அடைப்பது ஆபத்து.

எஞ்சினின் ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஹோஸைப் பொருத்த வேண்டும். இங்கே பலரும் சறுக்குவது மரையில். 1/8 அங்குலக் குழாய் மரையிலேயே இரண்டு வகை உண்டு: அமெரிக்க மரையில் ஓர் அங்குலத்துக்கு 27 புரி, பிரிட்டிஷ் மரையில் 28 புரி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், முதல் இரண்டு மூன்று சுற்று ஒன்றுக்குள் மற்றொன்று ஏறவும் செய்யும். பிறகு இறுகுகிறதே என்று ஸ்பேனரால் அழுத்தினால் அலுமினிய உடல் கீறிவிடும். 10 மி.மீ. மெட்ரிக் மரை உள்ள எஞ்சின்களும் நிறைய உண்டு. கழற்றிய சுவிட்சையே மாதிரியாகக் கொண்டு அடாப்டர் வாங்குங்கள்.

சம்ப்பில் நிர்ணயித்த அளவு ஆயிலில் இரண்டு லிட்டரைக் குறைத்து ஊற்றி, அந்த இரண்டு லிட்டரை டேங்க்கில் வையுங்கள். உள்ளே போவதெல்லாம் கடைசியில் சம்ப்புக்குத்தான் வரும் என்பதால் மொத்தக் கணக்கு சரியாக இருக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, மேலுள்ள டேப்பட் கவரையும் எடுத்துவிடுங்கள். டேங்க்கில் 2 முதல் 3 பார் வரை காற்றை ஏற்றி, வால்வை மெதுவாகத் திறந்தால் ஆயில் கேலரிக்குள் நுழையும். அடியில் காது வைத்துக் கேட்டால், பேரிங்குகளிலிருந்து ஆயில் சம்ப்பில் சொட்டும் ஓசை சில விநாடிகளில் தெரியும். அந்த ஓசையைக் கேட்டதும் வால்வை மூடிவிட வேண்டாம், ஏனென்றால் தூரத்துப் பாகங்களுக்கு ஆயில் போனது இன்னும் உறுதியாகவில்லை. கிராங்கை ஸ்பேனரால் கால் சுற்று திருப்பி, அரை நிமிடம் காத்திருந்து, மறுபடியும் கால் சுற்று என்று குறைந்தது இரண்டு முழுச் சுற்றுகள் திருப்புங்கள். கிராங்கிலும் கேமிலும் உள்ள துளைகள் ஷெல்லின் துளைகளோடு நேர்படும் இடங்கள் வெவ்வேறு என்பதால், ஒரே நிலையில் எவ்வளவு நேரம் அழுத்தினாலும் சில வழிகளில் ஆயில் ஏறாமலேயே நின்றுவிடலாம். திருப்புவது எஞ்சின் ஓடும் திசையிலேயே இருக்கட்டும். எதிர்த்திசையில் திருப்பினால் பம்ப் முன்பக்கத்து ஆயிலைச் சம்ப்புக்கு இழுத்துவிடும், டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினில் பெல்ட் பல் தாவும் அபாயமும் உண்டு.

மேலே பார்த்துக்கொண்டே இருங்கள். முதலில் ராக்கரின் துளையில் ஒரு கறுத்த புள்ளி தெரியும். அது பருத்து மணியாகி, உருண்டு வழியத் தொடங்கும். ஒவ்வொரு சிலிண்டரிலும், இன்லெட் பக்கமும் எக்ஸாஸ்ட் பக்கமும், அந்த வழிதலைத் தனித்தனியாகப் பார்த்த பிறகே வால்வை மூடுங்கள். ஏழு ராக்கரில் வந்து எட்டாவதில் வரவில்லை என்றால், எட்டாவதில் ஏதோ அடைத்திருக்கிறது என்று பொருள். ஸ்டார்ட் ஆனால் வந்துவிடும் என்று விடக் கூடாது. டேங்க்கில் ஆயில் தீரும் தறுவாயில் வால்வை மூடிவிடுவதும் முக்கியம், இல்லையென்றால் நிரப்பிய கேலரிக்குள் நாமே காற்றை ஊதியது போலாகும்.

பலரும் கவனிக்காத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பிரஷர் சுவிட்ச் பொதுவாக ஃபில்டருக்கு அடுத்து, கேலரியில் இருக்கும். அங்கிருந்து தள்ளும் ஆயில் பேரிங்குகளுக்கும் ஹெட்டுக்கும் போகும். பின்னோக்கி ஃபில்டருக்குள்ளும் நிறையும். ஆனால் ஃபில்டருக்குள் இருக்கும், ஆயில் திரும்ப வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு அதைப் பம்புக்குப் போகவிடாது. அதாவது கேலரி முழுவதும் நிறைந்திருந்தும் பம்ப் மட்டும் காய்ந்தே இருக்கலாம். பம்பைத் தனியாக நிரப்பச் சொன்னது இதனால்தான்.

இதற்குப் பிறகுதான் செல்ஃப் மோட்டார். ஸ்பார்க் பிளக்குகள் கழற்றியபடியே இருக்கட்டும். கம்ப்ரஷன் இல்லாததால் பேரிங்குகளின் மேல் சுமை குறைவு, எஞ்சினும் வேகமாகச் சுழலும். பெட்ரோல் பம்பின் ஃபியூஸையும் இக்னிஷன் காயிலின் இணைப்பையும் பிரித்துவிடுங்கள். சுவிட்ச் இருந்த இடத்தில் இப்போது ஒரு மெக்கானிக்கல் பிரஷர் கேஜைப் பொருத்துங்கள். டேஷ்போர்டு விளக்கை நம்பாதீர்கள்; அது 0.3 முதல் 0.5 பார் அழுத்தத்திலேயே அணைந்துவிடும், குளிர்ந்த எஞ்சின் ஓடும்போது இருக்க வேண்டியதோ பல மடங்கு அதிகம். பத்துப் பதினைந்து விநாடி சுழற்றி, செல்ஃப் மோட்டார் ஆற ஒரு நிமிடம் விட்டு, மீண்டும் சுழற்றுங்கள். கேஜ் முள் எழுந்து, ஒவ்வொரு முறையும் உடனே எழுகிறது என்றால் பம்ப் பிடித்துவிட்டது. நான்கைந்து முறைக்குப் பிறகும் முள் அசையவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

முள் எழாததற்குக் காரணங்கள் பெரும்பாலும் பூட்டும்போது நேர்ந்தவைதாம். ஸ்ட்ரெய்னர் குழாய் பம்போடு சேரும் இடத்தில் உள்ள ஓ-ரிங் விடுபட்டோ, பொருத்தும்போது வெட்டுப்பட்டோ இருந்தால், பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும்; நான் பார்த்தவற்றில் அதிகம் இதுதான். கழுவுவதற்காகக் கழற்றிய கேலரி பிளக் ஒன்றைத் திரும்பப் போட மறந்திருக்கலாம். டைமிங் கவருக்கு உள்ளேயும் ஃப்ளைவீலுக்குப் பின்னாலும் இருப்பவை எளிதில் மறந்துபோகும், வெளியே கசிவும் தெரியாது. அழுத்தம் மிகுந்தால் ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வில் கிரைண்டிங் தூளோ சிறு உலோகச் சீவலோ சிக்கி அது திறந்தபடி நின்றிருக்கலாம். பழைய ஃபில்டரின் கேஸ்கெட் பிளாக்கில் ஒட்டியிருக்க, அதன் மேலேயே புதியதைப் பூட்டியிருக்கலாம். இது அழுத்தம் ஏறியதும் ஆயிலைத் தரையில் கொட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். கேஜ் சரியாக இருந்தும் ஒரு பகுதிக்கு மட்டும் ஆயில் வரவில்லை என்றால், துளை உள்ள மேல் ஷெல்லைக் கேப்பிலும் துளை இல்லாத கீழ் ஷெல்லைப் பிளாக்கிலும் மாற்றிப் போட்டிருக்கிறார்களா என்றுகூடப் பார்க்க வேண்டும். துளையில்லாத ஷெல் அந்த ஜர்னலுக்கான ஆயில் வழியையே முற்றாக அடைத்துவிடும்.

எஞ்சினில் டர்போ இருந்தால், அதன் ஆயில் குழாயைக் கழற்றி, டர்போவின் வாயில் ஆயிலை ஊற்றிக் கம்ப்ரஸர் சக்கரத்தை விரலால் சில முறை சுழற்றி விடுங்கள். ஒரு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுகளுக்கு மேல் ஓடக்கூடிய ஷாஃப்ட் அது. ஹைட்ராலிக் டேப்பட்டுகள் புதிதாகப் போட்டிருந்தால், போட்டவுடன் எஞ்சினைச் சுழற்றாமல் அரை மணி நேரமாவது விட வேண்டும். அவை வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் சரியான உயரத்துக்கு இறங்கும் முன் சுழற்றினால் வால்வு பிஸ்டனில் இடிக்கக் கூடும். உங்களுடையதோ இரண்டு மாதம் நின்றுவிட்டது, அந்தக் கவலை இல்லை.

பிரைமிங் முடிந்த நாளிலேயே ஸ்டார்ட் செய்வது நல்லது. வாரக்கணக்கில் தள்ளிப்போனால் மறுபடியும் செய்யுங்கள். அதற்கு முன்பே கூலன்ட் நிரப்புவது, இக்னிஷன் டைமிங் வைப்பது, பெட்ரோல் வருவதைப் பார்ப்பது எல்லாம் முடிந்திருக்க வேண்டும். முதல் ஸ்டார்ட் ஒன்றிரண்டு முயற்சியிலேயே நிகழ வேண்டும். உங்கள் எஞ்சினில் கேம் லோபின் (கேம் ஷாஃப்டில் உள்ள புடைப்பு) மேல் நேராக உரசும் தட்டையான டேப்பட்டுகள் என்றால் இது இன்னும் முக்கியம்: அங்கே தடவிய மாலிப்டினம் பேஸ்ட் ஒவ்வொரு வீண் சுழற்சியிலும் கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கப்பட்டுவிடும். அத்தகைய புதிய கேமைப் பிளாக்கில் கொண்ட எஞ்சினை ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங்கில் விடாமல், 2000 முதல் 2500 ஆர்பிஎம்மில் சுமார் இருபது நிமிடம், வேகத்தைச் சற்று ஏற்றி இறக்கி ஓட்டுவார்கள்; கேம் லோபுக்கு ஆயில் போவது பெரும்பாலும் கிராங்க் வீசியடிக்கும் தெறிப்பில்தான், மெதுவாக ஓடினால் அது போதாது.

எந்த வகையானாலும், ஸ்டார்ட் ஆன கணத்திலிருந்து ஒருவருடைய கண் கேஜிலேயே இருக்க வேண்டும். நன்றாக பிரைமிங் செய்த எஞ்சினில் ஓரிரு விநாடியில் முள் எழும். ஐந்து விநாடியில் எழவில்லை என்றால், எஞ்சின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும் அணைத்துவிடுங்கள். முதல் ஓட்டம் முடிந்து ஆறியதும் ஆயிலை வடித்து, ஃபில்டரை வெட்டி, மடிப்புக் காகிதத்தை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். அசெம்பிளி பேஸ்ட்டின் கறுப்பும், ரிங்குகள் சிலிண்டரில் படிவதால் வரும் நுண்ணிய சாம்பல் மினுக்கும் இருக்கும், அவை இயல்பு. செம்பு நிறச் செதில் ஒன்று தென்பட்டாலும், புதிய ஆயிலை ஊற்றும் முன் சம்ப்பை இறக்கிக் கேப்புகளைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.